வசந்த காலத்துல பண்ணை வீட்ல தங்க வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க பண்ணையில செம்மறி ஆடு, மாடு, கோழி, கொஞ்சம் பழ மரம், தேன் பெட்டி எல்லாம் இருக்கு, அதோட சில வீடுகளை தங்க வர்றவங்களுக்கு வாடகைக்கும் விடுறோம். பனி உருகி புல்லு துளிர் விடுற சமயத்துலதான் புக்கிங்கும் ஜாஸ்தி, சந்தேகமும் ஜாஸ்தி. ஒரே கேள்விக்கு ஃபோன்ல, வாட்ஸ்அப்ல, வாசல்ல நின்னுன்னு திரும்பத் திரும்ப பதில் சொல்லிட்டே இருக்கோம், அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே இங்க தொகுத்து வச்சிருக்கேன். குளிர்காலம்னு ஒண்ணு தனியா இருக்குற எந்த ஊர்ப் பண்ணைக்கும் இதுல முக்கால்வாசி பொருந்தும்.

பண்ணை வீடுன்னா ரிசார்ட் மாதிரிதானே? ரூம் சர்வீஸ் எல்லாம் இருக்குமா?

இல்லைங்க. இது வேலை நடக்குற பண்ணை, அதுல ஒரு ஓரமா நீங்க தங்குறதுக்கு வீடு இருக்கு, அவ்ளோதான். சமையலறை, படுக்கை, சுடுதண்ணி, விறகு அடுப்பு எல்லாம் இருக்கும், சமைச்சுக்கிறது பெருக்கிக்கிறது உங்க பொறுப்பு. மத்த மாசத்துல வந்தா உக்காந்து நிதானமா பேச எங்களுக்கும் நேரம் இருக்கும், ஆனா வசந்தத்துல ராத்திரி பகல்னு பாக்காம ஆடு குட்டி போட்டுட்டு இருக்கும், பாதி தூக்கத்துல எந்திரிச்சு கொட்டகைக்கு ஓடுற காலம் அது. நீங்க கதவைத் தட்டுறப்போ நாங்க இல்லைன்னா கோச்சுக்காதீங்க, எங்கயோ ஒரு ஆடு படுத்து எந்திரிச்சுட்டு இருக்குன்னு அர்த்தம்.

வசந்தம்னா எந்த மாசம்? குட்டிங்களைப் பாக்கணும்னா எப்போ வரணும்?

பூமியோட வடக்குப் பாதியில மார்ச்லேர்ந்து மே வரைக்கும், தெற்குப் பாதியில செப்டம்பர்லேர்ந்து நவம்பர் வரைக்கும். ஆனா காலண்டரைப் பாத்து புக் பண்ணாதீங்க. ஒவ்வொரு பண்ணையிலயும் கிடாயை எப்போ மந்தைக்குள்ள விட்டாங்களோ அதைப் பொறுத்துதான் குட்டி வரும். செம்மறிக்கு சினைக்காலம் சுமார் 147 நாள், அதாவது கிட்டத்தட்ட அஞ்சு மாசம். நவம்பர் ஆரம்பத்துல கிடாயை விட்டா மார்ச் கடைசியிலேர்ந்து குட்டி வர ஆரம்பிக்கும்.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடி "கிடாய் எப்போ விட்டீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, பண்ணைக்காரங்க சந்தோஷமா சொல்லுவாங்க. குட்டி துள்ளி விளையாடுறதைத்தான் பாக்கணும்னா ஈத்து ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரம் கழிச்சு வாங்க, நடுங்கிட்டு நிக்கிற குட்டிங்க எல்லாம் தேறி சாயங்கால வெயில்ல கூட்டம் கூட்டமா ஓடும், அதைப் பாக்குறதுக்கு ஈடே கிடையாது.

ஏன் எல்லா ஆடும் சொல்லி வச்ச மாதிரி வசந்தத்துலயே குட்டி போடுது?

பகல் நீளம்தான் காரணம். இலையுதிர் காலத்துல பகல் குறுகி ராத்திரி நீள ஆரம்பிச்சதும் ஆட்டோட மூளையில மெலடோனின் சுரக்குற நேரம் கூடும், அதை வச்சுதான் செம்மறி பருவத்துக்கு வரும். அப்போ சினை பிடிச்சா அஞ்சு மாசம் கழிச்சு, புல்லு வர்ற நேரத்துல குட்டி பிறக்கும், தாய்க்குப் பால் ஊறும், குட்டியும் சீக்கிரம் மேய ஆரம்பிச்சுடும். பூமத்திய ரேகை பக்கத்துல இருக்குற ஆடுங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு அவ்ளோவா இல்ல, அங்க பகல் நீளம் பெருசா மாறாததால வருஷம் பூரா குட்டி போடும்.

கோழிக்கும் இதே கதைதான், பகல் வெளிச்சம் 14 மணி நேரத்தைத் தொடுறப்போ முட்டை வேகம் எடுக்கும். குளிர்காலத்துல கூடை காலியா இருந்து இப்போ நிரம்பி வழியுதுன்னா அதுக்கு தீனி மட்டும் காரணம் இல்ல.

குட்டி போடுறதை நேர்ல பாக்க முடியுமா? எத்தனை மணிக்கு வரலாம்?

மணி சொல்ல முடியாதுங்க, அது ஆட்டோட இஷ்டம். சில அடையாளம் இருக்கு. மந்தையை விட்டு ஒதுங்கி ஒரு மூலைக்குப் போகும், தரையைக் காலால பறிக்கும், படுக்கும் எந்திரிக்கும், மேல பாத்து உதட்டைச் சுருட்டும். பனிக்குடம் வெளிய தெரிஞ்சதும் நல்லா முக்க ஆரம்பிக்கும், எல்லாம் சரியா இருந்தா அதுலேர்ந்து ஒரு மணி நேரம் போலதான் ஆகும். முதல்ல ரெண்டு முன்னங்கால், அதுமேல மூக்கு, இப்படித்தான் வரணும். ஒரு கால் மடங்கி இருந்தாலோ தலை பின்னாடி திரும்பி இருந்தாலோ நாங்க கை விட்டு சரி பண்ணணும், இல்லைன்னா மாட்டு டாக்டரைக் கூப்பிடணும், அந்த நேரத்துல உங்களை வெளிய போகச் சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க.

பாக்குறவங்க பட்டிக்கு வெளிய, ஆட்டோட கண்ணுக்கு நேரா நிக்காம, ஃப்ளாஷ் போடாம, பேசாம நிக்கணும். ஆடு வேட்டையாடப்படுற ஜாதி, பயந்துட்டா பிரசவத்தையே தள்ளிப் போட்டுட்டு எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சுடும். பிறந்ததும் தாய் குட்டியை நக்கும், உறுமுற மாதிரி ஒரு சன்னமான சத்தம் போடும். அந்த முதல் கொஞ்ச நேரத்துலதான் தன் குட்டியோட வாசனையை அது மனசுல பதிச்சுக்குது. யாராவது ஆசையா போய்த் தூக்கி, சென்ட் போட்ட கையால தடவி திரும்ப வச்சா தாய் அதை முட்டித் தள்ளிடும் ஆபத்து இருக்கு. நான் இவ்ளோ கறாரா இருக்கிறதுக்கு அதுதான் காரணம்.

குட்டி பிறந்த உடனே என்ன அவசரம்? ஏன் ராத்திரியெல்லாம் டார்ச் அடிச்சுட்டு அலையுறீங்க?

சீம்பாலுக்காக. மனுஷக் குழந்தைக்கு அம்மா வயித்துல இருக்குறப்பவே கொஞ்சம் நோய் எதிர்ப்பு போய்ச் சேர்ந்துடும், ஆடு மாட்டுக்கு நஞ்சுக்கொடி வழியா அது போகாது. முழுக்க முழுக்க சீம்பால்லதான் கிடைக்கணும். குட்டியோட குடல் அதை உறிஞ்சுற சக்தி மணிக்கு மணி குறைஞ்சுட்டே வந்து ஒரு நாள்ல கிட்டத்தட்ட நின்னுடும், அதனால முதல் ஆறு மணி நேரத்துக்குள்ள வயிறு நிறைய குடிச்சிருக்கணும்.

இன்னொண்ணு சூடு. ஆட்டுக்குட்டிக்கு உடம்புச் சூடு 39லேர்ந்து 40 டிகிரி செல்சியஸ் இருக்கணும். ஈரத்தோட காத்துல கிடந்தா மளமளன்னு இறங்கும், 37க்குக் கீழ போயிட்டா அதுவா எந்திரிச்சு பால் குடிக்காது. வாய்க்குள்ள விரல் விட்டுப் பாப்போம், ஜில்லுன்னு இருந்தா உடனே வேலை பாக்கணும். அந்த டார்ச் வெளிச்சம் ஜன்னல்ல அடிச்சு உங்க தூக்கம் கெட்டா மன்னிச்சுக்கோங்க.

வயல்ல ஒரு குட்டி தனியா கத்திட்டு இருக்கு, அம்மா விட்டுட்டுப் போயிடுச்சு போல, தூக்கிட்டு வரட்டுமா?

தூக்காதீங்க, முதல்ல எங்களுக்கு ஃபோன் பண்ணுங்க. பெரும்பாலும் தாய் கொஞ்ச தூரத்துல மேஞ்சுட்டு இருக்கும், குட்டி தூங்கி எந்திரிச்சு காணோமேன்னு கத்தும், ரெண்டு நிமிஷத்துல பதில் குரல் வரும். முதுகு கூனி, தலை தொங்கி, வயிறு ஒட்டிப் போய் ஒரே இடத்துல நிக்கிற குட்டிதான் கவலைக்குரியது. குட்டி மேல பெயின்ட்ல நம்பர் இருக்கும், அதே நம்பர் தாய் மேலயும் இருக்கும். அந்த நம்பரைச் சொன்னா போதும், ஓடி வந்துடுவோம்.

மான் குட்டிக்கும் இதேதான். உயரமான புல்லுக்குள்ள அசையாம படுத்திருந்தா அநாதைன்னு நினைக்காதீங்க, தாய் மானே அப்படிப் படுக்க வச்சுட்டுத்தான் மேயப் போகும். தொடாம வந்த வழியே திரும்பிடுங்க.

புட்டிப்பால் குடுக்க குழந்தைங்களை விடுவீங்களா?

தாய் இல்லாத குட்டி இருந்தா, அது தெம்பா இருந்தா, விடுவோம், நாங்க பக்கத்துல இருப்போம். குட்டி நின்னுட்டே, தலையை லேசா தூக்கிக் குடிக்கணும், அது மடியில குடிக்கிற வாட்டம். கைக்குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி மல்லாக்க வச்சுக் குடுத்தா பால் நுரையீரலுக்குள்ள போயிடும், ஃபோட்டோவுக்காக அப்படி வைக்கச் சொல்லிக் கேக்குறவங்க நிறைய, நாங்க ஒத்துக்க மாட்டோம். "பாவம் இன்னும் பசிக்குது"ன்னு ரெண்டாவது பாட்டிலும் கேக்காதீங்க. புட்டிக்குட்டி எப்பவுமே பசிக்குதுன்னுதான் கத்தும், அளவுக்கு மேல போனா வயிறு உப்பி செத்தே போகும்.

அக்கா, நான் நாலு மாச கர்ப்பமா இருக்கேன், தள்ளி நின்னு குட்டிங்களைப் பாத்தா பரவால்லதானே?

ஈத்துக் காலத்துல ஆட்டுக் கொட்டகைப் பக்கமே வேணாம்மா. இந்தப் பக்கத்துல இருக்குற எல்லா பதில்லயும் நான் ரொம்ப அழுத்திச் சொல்றது இதுதான். ஈனுற ஆட்டுகிட்டயும் நஞ்சுக்கொடியிலயும் பனிக்குடத் தண்ணியிலயும் கருவைக் கலைக்கக் கூடிய கிருமிங்க இருக்கலாம். கிளமிடியா அபார்டஸ், டாக்ஸோபிளாஸ்மா, லிஸ்டீரியா, க்யூ காய்ச்சலைக் கொண்டுவர்ற காக்ஸியெல்லா. ஆடு பாக்க நல்லா ஆரோக்கியமா இருந்தாலும் இருக்கலாம். க்யூ காய்ச்சல் கிருமி காஞ்ச தூசியோட காத்துல வரும், அதனாலதான் "தள்ளி நிக்கிறேன்"ங்கிறதை கொட்டகைக்குள்ள நான் ஒத்துக்கிறதில்ல.

கூட வந்தவங்க கொட்டகைக்குப் போயிட்டு வந்தா அந்த பூட்ஸ், ஜாக்கெட் எல்லாம் வெளியவே கழட்டணும், துணியை நீங்க துவைக்கக் கூடாது. காய்ச்சாத பால் வேணாம். ஏற்கனவே தெரியாம தொட்டுட்டீங்கன்னா பதறாம டாக்டருக்கு ஃபோன் பண்ணி "ஈத்து நடக்குற பண்ணையில இருந்தேன்"னு அந்த வார்த்தையையே சொல்லுங்க, காய்ச்சல் மாதிரி வந்தா ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க. கீமோ எடுக்குறவங்க, உறுப்பு மாத்து ஆபரேஷன் பண்ணவங்க, இதய வால்வுல பிரச்சனை இருக்குறவங்களும் வர்றதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. நியாயமா பாத்தா இவங்க எல்லாரும் கோடையில வர்றது நல்லது, தேதியை மாத்திக் குடுக்க நாங்க எப்பவும் தயார்.

கையில சானிடைசர் வச்சிருக்கோம், அது போதும்ல?

போதாது. குட்டிங்க சாணத்துல கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி இருக்கும், ஆல்கஹால் ஜெல் அதைக் கொல்லாது. ஈ கோலை ஓ157ங்கிற பாக்டீரியா கொஞ்சூண்டு வாய்க்குள்ள போனாலே குழந்தைங்களுக்கு ரத்தபேதி, சில பேருக்கு கிட்னி வரைக்கும் போகும். குழாயில ஓடுற தண்ணி, சோப்பு, விரல் இடுக்கு, நகம், அப்புறம் துடைக்கிறது, இதுதான் வழி.

கொட்டகையில இருக்குறப்போ எதுவும் சாப்பிடக் கூடாது, விரல் சூப்புற வயசுக் குழந்தையை இடுப்புலயே வச்சுக்கோங்க. கோழிக்குஞ்சுக்கு முத்தம் குடுக்கிறதும் வேணாம், அதுல சால்மோனெல்லா வரும். குழந்தைங்களை விலங்குகிட்டேர்ந்து பிரிச்சு வைக்கணும்னு நான் சொல்லவே இல்ல, நல்லா தொடட்டும், தொட்டுட்டு கழுவட்டும்.

எங்க நாய் ரொம்ப சமத்து, யாரையும் எதுவும் பண்ணாது, கூட்டிட்டு வரலாமா?

உங்க நாயைப் பத்தி நீங்க சொல்றதை நம்புறேன், ஆனா ஆட்டுக்கு அது தெரியாதே. நிறை சினையா இருக்குற ஆட்டை நாய் கடிக்கவே வேணாம், விளையாட்டா கொஞ்ச தூரம் துரத்தினாலே குட்டி கலைஞ்சு போகலாம். அதனால ஈத்து முடியுற வரைக்கும் நாங்க நாய்களை அனுமதிக்கிறதில்ல, அதுக்கப்புறம் வந்தாலும் வீட்டை விட்டு வெளிய வந்தா கயித்துலதான்.

நாய் மலத்தையும் கட்டாயம் எடுக்கணும், மேய்ச்சல் நிலத்துல "இது இயற்கை உரம்தானே"ன்னு விட்டுடக் கூடாது. நியோஸ்போராங்கிற ஒட்டுண்ணி நாய் மலம் வழியா புல்லுல கலந்து மாட்டுக்குப் போனா கரு கலையும். நாய் வளக்குறவங்க நிறைய பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லைன்னு சொல்றாங்க, அதனாலதான் எழுதுறேன்.

மாடு கன்னுக்குட்டியோட வயல்ல நிக்குது, அந்தப் பாதையில நடந்து போலாமா?

சுத்தி வேற வழி இருந்தா அதுல போங்க. இல்லைன்னா மாட்டுக்கும் கன்னுக்கும் நடுவுல மட்டும் போகாதீங்க, ஓரமா, சத்தம் போடாம, ஓடாம நடங்க. பால் கறக்க சாதுவா நிக்கிற அதே மாடு, கன்னு போட்ட புதுசுல ஆளையே தூக்கி எறியும். நாய் கூட இருந்து மாடு விரட்ட ஆரம்பிச்சா கயித்தை விட்டுடுங்க. நாய் ஓடித் தப்பிச்சுக்கும், மாட்டோட கோவம் நாய் மேலதான், கயித்தைப் பிடிச்சுட்டே நின்னா நீங்கதான் நடுவுல மாட்டுவீங்க.

அந்தக் கம்பி வேலியில கரன்ட் இருக்கா? குழந்தை தொட்டா?

இருக்கு. சுமார் நொடிக்கு ஒரு தடவை ரொம்பக் குறுகிய துடிப்பா வரும், வோல்ட் ஆயிரக்கணக்குல இருந்தாலும் துடிப்பு கண்ணிமைக்கிற நேரத்தை விடக் குறைவுங்கிறதால நல்லா இருக்குற ஆளுக்கு வலிக்கும், பயமா இருக்கும், அதோட முடிஞ்சுடும். பேஸ்மேக்கர் வச்சிருக்கிறவங்க கிட்டயே போக வேணாம். குழந்தைங்களுக்கு வந்த முதல் நாளே வேலியைக் காட்டிச் சொல்லிடுங்க.

கேட்டைத் திறந்து வச்சிருந்தீங்க, நாங்க நல்லதுக்குன்னு மூடிட்டு வந்தோம், ஏன் திட்டுறீங்க?

திட்டலைங்க, ஆனா இருந்த மாதிரியே விட்டுட்டு வாங்க. திறந்திருந்தா திறந்தே, மூடியிருந்தா மூடியே. திறந்து வச்சது அந்தப் பக்கம் தண்ணித் தொட்டி இருக்குங்கிறதுக்காக இருக்கலாம். மூடி வச்சது புல்லுக்காக இருக்கலாம், ஏன்னா குளிர்காலம் பூரா வைக்கோலும் காஞ்ச புல்லும் தின்ன மாட்டை திடீர்னு இளம்புல்லுல விட்டா அதுல மக்னீசியம் கம்மியா இருக்குறதால நடுக்கம் வந்து விழுந்து, சில மணி நேரத்துல செத்தே போகும். பால் மாட்டுக்குத்தான் இது அதிகம். குதிரைக்கு அதே இளம்புல்லு சர்க்கரை தாங்காம குளம்பு வீங்கும். பச்சையா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குற அந்தப் புல்லை நாங்க கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கிவிடுறோம்.

இதே காரணத்துக்காகத்தான் மிச்சமான ரொட்டி, சோறு எதையும் ஆடு மாட்டுக்குப் போடாதீங்கன்னு சொல்றது. மாவுச்சத்து திடீர்னு அதிகமா போனா வயித்துல அமிலம் ஏறி உசுருக்கே ஆபத்தாகும்.

ரொம்ப சேறா இருக்குமாமே, எங்க கார் வருமா?

தார் ரோடு வரைக்கும் வரும், அதுக்கப்புறம் நாங்க சொல்ற இடத்துல நிறுத்துங்க. மேல் மண்ணு உருகி அடியில இன்னும் உறைஞ்சே இருக்குறப்போ தண்ணி கீழ இறங்க வழி இல்லாம மேலயே நிக்கும், பாக்க கெட்டியா தெரிஞ்சாலும் சக்கரம் அப்படியே இறங்கும். புல்லு மேல ஓட்டிட்டுப் போறது இன்னும் மோசம், ஈர மண்ணு ஒரு தடவை அழுந்தினா அந்தத் தடத்துல ரொம்ப நாளைக்கு வேர் சரியாப் பிடிக்காது. முழங்கால் வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ் கொண்டு வாங்க, ஃபேஷன் பூட்ஸ் வேணாம்.

சேவல் விடியுறதுக்கு ரொம்ப முன்னாடியே கூவுது, அதுக்கு மணி தெரியாதா? நிறுத்த முடியாதா?

மணி நல்லாவே தெரியும். சேவல் வெளிச்சத்தைப் பாத்துக் கூவுதா, உள்ளுக்குள்ள ஒரு கடிகாரம் இருந்து கூவுதான்னு ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணி 2013ல வெளியிட்டாங்க. வெளிச்சம் மாறவே மாறாத மங்கலான அறையில வச்சும் அது தன் நேரத்துக்குக் கூவிச்சு. வெளிச்சம் வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே ஆரம்பிக்கிறது அதோட இயல்பு. அதனால நிறுத்த முடியாது, காதுல வைக்கிற பஞ்சு அலமாரியில இருக்கு. தூக்கம் ரொம்ப முக்கியம்னா கோழிக்கூண்டுக்கு தூரமா இருக்குற வீட்டைக் கேளுங்க.

ஒரு கோழி எந்திரிக்கவே மாட்டேங்குது, உடம்பு சரியில்லையா?

அடைக்கு உக்காந்திருக்கு. ஒரு நாளைக்கு ஒரு தடவை தீனி தண்ணிக்கு எந்திரிக்கும், மத்த நேரம் முட்டை மேலயேதான். கோழி முட்டை பொரிய 21 நாள், வாத்துக்கு 28. கிட்ட போனா உடம்பை உப்பிக்கிட்டு கொத்தும், விட்டுடுங்க. பறவைக் காய்ச்சல் பரவுற சமயத்துல கோழிங்களை உள்ளயே அடைச்சு வைக்கச் சொல்லி அரசு உத்தரவு வர்றது பல நாடுகள்ல உண்டு, அப்படி இருந்தா கோழிக்கூண்டுப் பக்கம் யாரையும் விட மாட்டோம்.

பகல்ல டிஷர்ட் போட்டுட்டு நடக்குறோம், ராத்திரி ஏன் இப்படி உறையுது?

மேகம் இல்லாம, காத்து இல்லாம இருக்குற ராத்திரியில நிலத்தோட சூடு நேரா மேல போயிடும், குளிர்ந்த காத்து கனமானதால பள்ளத்துல தேங்கும். ஆப்பிள் மரம் முழுசா பூத்திருக்குற நேரத்துல மைனஸ் 2 டிகிரி போனாலே கொஞ்சம் பூ கருகும், மைனஸ் 4 தொட்டா கிட்டத்தட்ட அந்த வருஷக் காய்ப்பே போச்சு. அந்த மாதிரி ராத்திரியில சில தோட்டத்துல மரத்து மேல தண்ணி தெளிச்சுட்டே இருப்பாங்க, பாக்குறவங்களுக்கு விசித்திரமா தெரியும். தண்ணி உறையுறப்போ சூட்டை வெளிய விடும், தெளிக்கிறது நிக்காத வரைக்கும் ஐஸுக்குள்ள இருக்குற பூ பூஜ்ஜியத்துக்குக் கீழ அதிகம் இறங்காது.

வீட்டுக்குள்ள விறகு அடுப்பு எரிக்கலாம். காஞ்ச விறகு மட்டும் போடுங்க, கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கழட்டாதீங்க. சாம்பலை இரும்பு வாளியில மூடி போட்டு வெளிய வைங்க, பாக்க ஆறின மாதிரி இருந்தாலும் உள்ள கங்கு நாள் கணக்குல உசுரோட இருக்கும்.

மரத்துல தேனீ கொத்துக் கொத்தா தொங்குது, தாக்குமா?

கூடு பிரியுற காலம் இது. பழைய ராணி பாதிக் கூட்டத்தைக் கூட்டிட்டு வெளிய வந்து ஒரு கிளையில தங்கும், வேவு பாக்குற தேனீங்க நாலா பக்கமும் போய் இடம் தேடிட்டு வந்து அந்தக் கொத்து மேலயே ஆடிச் சொல்லும். இந்த ஆட்டத்தோட அர்த்தத்தைக் கண்டுபிடிச்ச கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973ல நோபல் பரிசு குடுத்தாங்க. காக்க கூடும் குஞ்சும் தேனும் இல்லாததால அப்போ அதுங்க ரொம்ப சாந்தமா இருக்கும். கல்லு எறியாம, தண்ணி அடிக்காம, தூரமா நின்னு பாருங்க, எங்களுக்குச் சொல்லுங்க, பெட்டி எடுத்துட்டு வர்றோம்.

உண்ணி கடிச்சா லைம் நோய் வருமாமே, பயமா இருக்கு.

எல்லா இடத்துலயும் வராது, வர்ற இடத்துலயும் பெரும்பாலும் உண்ணி ஒரு நாளுக்கு மேல ஒட்டியிருந்தாதான் கிருமி ஏறும். அதனால தினம் சாயங்காலம் அக்குள், முட்டி மடிப்பு, காதுக்குப் பின்னாடி, குழந்தைங்க தலைமுடி எல்லாம் பாருங்க. இருந்தா கூர்மையான இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மெதுவா இழுங்க. எண்ணெய் ஊத்துறது, தீக்குச்சி வைக்கிறது வேணாம். 3லேர்ந்து 30 நாளைக்குள்ள அந்த இடத்துல சிவப்பு வட்டமா பரவினா டாக்டர்.

டாய்லெட்டுக்கு ஏன் இவ்ளோ ரூல்ஸ் எழுதி ஒட்டியிருக்கீங்க?

இங்க ஊர்ச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். அதுலேர்ந்து வர்ற தண்ணி நிலத்துக்குள்ள ஊறணும், ஆனா பனி உருகி மழையும் பேஞ்சு நிலத்தடி நீர் மேல வந்திருக்குற இந்த நேரத்துலதான் நிலம் உறிஞ்ச மாட்டேங்குது. ஈர வைப்ஸ் கரையவே கரையாது, அட்டையில என்ன எழுதியிருந்தாலும் சரி. துணியையும் ஒரே நாள்ல மொத்தமா துவைக்காம பிரிச்சுத் துவைங்க.

நாங்க வேலை செஞ்சு குடுத்தா வாடகை இல்லாம தங்கலாமா?

வேலைக்குப் பதிலா தங்குறதுக்குன்னே தனி ஏற்பாடுங்க இருக்கு, 1971ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச வூஃப் (WWOOF)ங்கிற அமைப்பு அதுல பழசு. அதுல சேர்ந்து நேரம் ஒதுக்கி வாங்க, சந்தோஷம். வாடகைக்கு வர்றவங்களை நாங்க அப்படி எடுக்கிறதில்ல, ரெண்டு நாளைக்கு வர்றவங்களுக்கு சொல்லிக் குடுக்கிறதே தனி வேலை, இன்சூரன்ஸும் வேற மாதிரி. ஆசைக்கு முட்டை பொறுக்குறது, தண்ணித் தொட்டி நிரப்புறது, இதெல்லாம் எங்க கூட வந்து தாராளமா செய்யலாம்.

குட்டி ஒண்ணு செத்துக் கிடந்ததை என் பொண்ணு பாத்துட்டா. மத்ததெல்லாம் பின்னாடி கறிக்குத்தான் போகுமான்னு கேக்குறா. என்ன சொல்றது?

உண்மையைச் சொல்லுங்க. எவ்ளோ பாத்துக்கிட்டாலும் எல்லா ஈத்துலயும் சில குட்டிங்க போயிடும், பலவீனமா பிறந்தது, குளிர்ல விறைச்சது, தாய் மேல படுத்துட்டதுன்னு. எங்களுக்கும் ஒவ்வொண்ணும் வலிக்கும். "தூங்குது"ன்னு சொல்லி வச்சா மறுநாள் காலையில அது எந்திரிச்சுடுச்சான்னு குழந்தை ஓடி வந்து கேக்கும், அதைப் பாக்குறதுதான் தாங்க முடியாது. சில சமயம் செத்த குட்டியோட தோலை எடுத்து ஒரு அநாதைக் குட்டிக்குப் போர்த்தி அதே தாய்கிட்ட விடுவோம், மேல சொன்ன வாசனை விஷயம்தான், தாய் ஏத்துக்கும். இதைக் கொஞ்சம் பெரிய குழந்தைங்ககிட்ட சொன்னா கண்ணு விரியக் கேக்குறாங்க.

கறி கேள்விக்கும் ஒளிக்க எதுவும் இல்ல. எங்க பண்ணையில பொட்டைக் குட்டிங்கள்ல நல்லதை மந்தையில வச்சுப்போம், கிடாக்குட்டிங்க பெரும்பாலும் கறிக்குத்தான் போகும். அதை குழந்தைகிட்ட எப்போ, எவ்ளோ சொல்றதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க, எங்ககிட்ட நேரா கேட்டா நாங்க பொய் சொல்ல மாட்டோம்.

எங்ககிட்டயும் நிலம் இருக்கு, ஆடு மாடு இருக்கு, இப்படி வீடு விடலாம்னு யோசிக்கிறோம், வசந்தத்துலயே ஆரம்பிச்சுடலாமா?

கூட்டம் அப்போதான் வரும், ஆனா நான் வேணாம்னுதான் சொல்லுவேன். குட்டி போட முடியாம ஒரு ஆடு திணறிட்டு இருக்குறப்போ வைஃபை வரலைன்னு ஃபோன் அடிக்கும், ரெண்டுல ஒண்ணு கெட்டுப் போகும். கோடையில ஆரம்பிச்சுப் பழகுங்க, அடுத்த வசந்தத்துக்கு ஈத்துல மட்டும் கவனம் வைக்க ஒரு ஆள், வீட்டைப் பாக்க ஒரு ஆள்னு பிரிச்சுக்கோங்க. கொட்டகை வாசல்லயே சுடுதண்ணி, சோப்போட கை கழுவுற இடம், கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை புக்கிங் பண்ற இடத்துலயே, இது ரெண்டும் இல்லாம ஒருத்தரையும் உள்ள விடாதீங்க.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இத்தாலியில 1985லயே இதுக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க, அதுல விவசாயத்தோட ஒட்டியும் அதுக்குத் துணையாவும்தான் விருந்தினர் தொழில் நடக்கணும்னு இருந்துச்சு (2006ல அதுக்குப் பதிலா புதுச் சட்டம் வந்துச்சு). எனக்கு அந்த நிபந்தனை ரொம்பப் பிடிக்கும். வீட்டு வாடகைக்காக ஆட்டைப் பொம்மை மாதிரி நிறுத்தி வச்சா ஆட்டுக்கும் நல்லதில்ல, வர்றவங்களுக்கும் பாக்க எதுவும் மிஞ்சாது.

ஊருக்குக் கிளம்புறப்போ எதாவது கவனிக்கணுமா?

பூட்ஸை சோப்புத் தண்ணியில அடிப்பாகம் வரைக்கும் தேய்ச்சுக் கழுவுங்க, அடுத்து வேற பண்ணைக்குப் போறதா இருந்தா காய வச்சுட்டுப் போங்க, கால்நடை நோய் பல சமயம் சேத்தோடதான் பயணம் பண்ணும். ஊருக்குப் போய் ரெண்டு வாரத்துக்குள்ள குழந்தைக்கு வயித்தால போச்சுன்னா, அதுலயும் ரத்தம் தெரிஞ்சா, நீங்களா பேதி நிறுத்துற மருந்து குடுக்காம டாக்டர்கிட்ட போங்க, பண்ணையில தங்கினதைச் சொல்லுங்க. அப்படியே எங்களுக்கும் ஒரு மெசேஜ் போடுங்க, அடுத்து வர்ற குடும்பத்தை நாங்க எச்சரிக்கணும்.